கரப்பந்தாட்டக் களம் கோணாமல் அமைய 12.73 மீற்றர்

கரப்பந்தாட்டக் களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்னர், வலைக்கு இருபுறமும் உள்ள ஒவ்வொரு பாதியிலும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரு மூலைவிட்டங்களும் 12.73 மீற்றராக இருக்கின்றனவா என்று பாருங்கள். 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட களம் வலையின் கீழ் இணையும் இரு சதுரங்களே. நான்கு பக்கங்களும் 9 மீற்றராக இருந்தும் சதுரம் சரிந்து நிற்கலாம், ஆனால் மூலைவிட்டங்களும் சமமாகிவிட்டால் மூலைகள் செங்கோணமாகாமல் இருக்க வழியில்லை. 5 சென்ரிமீற்றர் அகலமான எல்லைக்கோடு களத்துக்குள் அடங்குவதால் அதன் வெளிவிளிம்பிலிருந்தும், நடுக்கோட்டில் அதன் மத்தியிலிருந்தும் அளக்க வேண்டும்.

திருகோணமலையில் எளிதாகக் கிடைக்கும் மீன்பிடி நைலோன் கயிறு இதற்கு உதவாது. இழுக்க இழுக்க அது நீளும் என்பதால் அளவுநாடாவே நல்லது. உப்புவெளிக் கடற்கரை மணலில் இருவர் அணியாக ஆடும் கடற்கரைக் கரப்பந்தாட்டத்துக்கும் இந்த எண் பொருந்தாது. அங்கே களம் 16 மீற்றருக்கு 8 மீற்றர், ஆகவே ஒவ்வொரு பாதியின் மூலைவிட்டமும் 11.31 மீற்றர். மேடுபள்ளமான நிலத்தில் நாடாவைத் தரையோடு படரவிட்டால் அளவு பிழைக்கும். அதனை மட்டமாக உயர்த்திப் பிடித்தே அளக்க வேண்டும்.