ஆதி (0, 0) வழியாகப் போகும் கோடு: வரைபட முறையில் 400, 440 ஆன கதை

கணக்கு இது: x + y ≤ 12, 2x + y ≤ 20, 2x − y ≥ 0, x, y ≥ 0. இவற்றுக்கு உட்பட்டு Z = 40x + 30y இன் பெரும மதிப்பு வேண்டும். எனக்கு (4, 8) இல் 400 வந்தது. விடைப் பக்கத்தில் 440. இரண்டு நாள் இதிலேயே போனது.

முதலில் அளவுத்திட்டத்தைச் சந்தேகித்து, 1 செ.மீ. = 1 அலகு என்று மறுபடி வரைந்தேன். பிறகு வெட்டும் புள்ளிகளைச் சமன்பாடாகவே தீர்த்தேன். அப்போதும் 400தான்.

பிழை மூன்றாவது கட்டுப்பாட்டில். எந்தப் பக்கம் நிழலிடுவது என்று வழக்கம்போல (0, 0) ஐப் போட்டால் 0 ≥ 0. புள்ளி கோட்டிலேயே இருப்பதால் அது எந்தப் பக்கத்தையும் காட்டாது. ≥ என்றால் கோட்டுக்கு மேலே என்ற பழக்கத்தில் நிழலிட்டிருந்தேன். ஆனால் y இன் கெழு எதிர்க்குறி. y ≤ 2x என்று மாற்றி எழுதினால் கோட்டுக்குக் கீழேதான் வரும்.

(1, 0) ஐப் போட்டேன்: 2 ≥ 0, சரி. அந்தப் பக்கம் நிழலிட்டதும் ஏற்புடைய பகுதியின் (எல்லாக் கட்டுப்பாடுகளும் பொருந்தும் இடம்) முனைகள் (0, 0), (10, 0), (8, 4), (4, 8). Z மதிப்புகள் முறையே 0, 400, 440, 400. விடை (8, 4). குறிக்கோள் கோட்டின் (Z மதிப்பு மாறாத கோடு) சாய்வு −4/3. அது x + y = 12 இன் சாய்வு −1க்கும் 2x + y = 20 இன் சாய்வு −2க்கும் இடையில் இருப்பதால், அவ்விரு கோடுகள் வெட்டும் முனையே உகந்தது. அப்பாடா!