கடலூரிலிருந்து மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு

முதலில் மாதத்தை முடிவு பண்ணுங்கள், டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். மூணாறிலோ ஆனி, ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று பூங்காவையே மூடிவிடுவார்கள். பிள்ளைகளோடு போக அரையாண்டு லீவுதான் தோது.

தேனி, போடி வழியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உடுமலை வழிதான் பிடிக்கும். விழுப்புரத்தில் ரயிலேறித் திண்டுக்கல், அங்கிருந்து பழனி, உடுமலை, பிறகு மூணாறு பஸ். ஜன்னலோரமாக உட்காருங்கள். சின்னாறில் முள்காடு, மறையூரில் சந்தனமரமும் கரும்பும், அதற்கு மேலே தேயிலை. பூங்கா வாசலான ஐந்தாம் மைல் இந்தச் சாலையிலேயே, மூணாறுக்கு முன்னாலேயே வந்துவிடும். காட்டுச் சாலை என்பதால் பகலிலேயே கடக்கிற மாதிரி கிளம்புங்கள்.

வாசலிலிருந்து வனத்துறை பஸ் ராஜமலைக்கு ஏற்றிவிடும், மேலே நடைதான். 2,695 மீட்டர் ஆனைமுடி எதிரே நிற்கும், ஏற விடமாட்டார்கள். பரவாயில்லை, வரையாடு பாதையோரத்திலேயே மேயும். பெரிய கிடா என்றால் முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு இருக்கும். ஆள் பக்கத்தில் போனாலும் புல்லைக் கடித்துக்கொண்டேயிருக்கும். அதற்காகத் தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வேட்டைக்கென்று காத்துவந்த மலை இது. அதனால் ஆடு பிழைத்தது, வேடிக்கைதான்! 1971இல் கேரள அரசு நிலத்தை எடுத்தது. 1975இல் சரணாலயமாகி 1978இல் தேசியப் பூங்கா ஆனது.

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030தான். நடுவில் யாராவது குறிஞ்சி காட்டுகிறேன் என்றால் அநேகமாக வேறு இனமாக இருக்கும்.

புல்வெளி மடிப்புகளில் கருகருவென்று தெரிவது சோலைக்காடு. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடையாக விடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். கிழக்கே இறங்கும் ஓடைகள் பாம்பாற்றில் சேர்ந்து அமராவதி அணைக்குப் போகின்றன. அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரித் தண்ணீர்தான் கொள்ளிடம் கீழணை வழியாக நம் வீராணம் ஏரிக்கு வருகிறது. காட்டுமன்னார்கோயில் பிள்ளைகள் கூட வந்தால் இதை அங்கேயே நின்று சொல்லுங்கள்.

சுவெட்டர் கட்டாயம். ராஜமலைப் பக்கம் உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் கடலூரைவிடப் பன்னிரண்டு டிகிரியாவது குறையும், காற்றடித்தால் இன்னும் குளிரும்.