எஸ்.பி. ரோட்டில் கணினி வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடைக்காரர் எழுதித் தரும் எஸ்டிமேட் தாளை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் முழுப் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். கடைசி வரியில் 'கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். 450 வாட்' என்று மட்டும் இருக்கும். எந்த நிறுவனம், எத்தனை ஆண்டு வாரன்டி என்ற பேச்சே இருக்காது. நாமும் மேல் வரிகளுக்குப் பேரம் பேசிவிட்டுக் கடைசி வரியைக் கேட்காமலே பணம் கட்டிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். எல்லாவற்றிலும் பெரியதும் இதுதான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் முதலான குறைந்த வோல்ட்டுகளாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துத் தருவது எஸ்.எம்.பி.எஸ். மட்டமானது பழுதானால் சில நேரம் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஓர் அட்டவணை உண்டு. அதில் 12 வோல்ட் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் வருவது 216 வாட்தான், பெட்டியில் 450 என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும்! '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் வீணாவதைப் பற்றி மட்டுமே சொல்லும். அதோடு ஐந்தாண்டு வாரன்டியும் உள்ளதை வாங்குங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அடுத்த கணினிக்கும் பயன்படும். பணம் போதவில்லை என்றால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், இதில் இறங்காதீர்கள்.

அடுத்தது, வீட்டுச் சுவரில் இருக்கும் தவறு. அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? 'எல்லாக் கணினியிலும் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த் கம்பியில் இறங்க வேண்டும்; எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட்டிலேயே நிற்கும். கேபினெட் திருகில் டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகு யு.பி.எஸ். வாங்குங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் இடி மழையோடு கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் இது.

மதர்போர்டில் செய்யும் தவறு பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். 2017இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் (பிராசஸர் பொருந்தும் இடம்) உள்ள போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு 2020இல் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசஸரை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். அதே 2017இல் இன்டெல் ஏழாம் தலைமுறைக்குப் போர்டு வாங்கியவர்களுக்கு, அந்த ஆண்டு அக்டோபரிலேயே வந்த எட்டாம் தலைமுறை பொருந்தவில்லை. ஊசிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் புதுப் போர்டு கேட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபோது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையில் பெரும்பாலானவற்றைப் போலவே முதல் தலைமுறை ரைசனையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் ஏ.எம்.4 போர்டு வைத்திருப்பவர்களில் பலர் பிராசஸரை மட்டும் மாற்றினால் போதும். ஆகவே இன்று வாங்கும் சாக்கெட்டுக்கு இன்னும் புதுப் பிராசஸர்கள் வருமா, அதுதான் முடிகிற வரிசையா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ராம் ஸ்லாட் இரண்டே உள்ள போர்டில் இரண்டு 8 ஜிபியைப் போட்டு நிரப்பிவிட்டால், பின்னால் கூட்டும்போது பழையதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நான்கு ஸ்லாட் இருந்தால் அந்தக் கவலை குறைவு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் பார்க்க அழகுதான். காற்று நுழைய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்காம் ஆண்டில் பழுதான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கொண்டுபோனால் சர்வீஸ் சென்டரில் பில்லும் வரிசை எண்ணும் கேட்பார்கள். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் ஜி.எஸ்.டி. பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கேபினெட்டை மூடுவதற்கு முன் ஸ்டிக்கர்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடை பில்லின் மை சில ஆண்டுகளில் மங்கிவிடும், அதையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள்.