ஃபெரியில் ஏறும் பின்னம்: மாணவர்களை விளையாட்டு உருவாக்க வைப்பது எப்படி?

பினாங்கில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதம் நடத்துகிறேன். "பின்னத்தை வைத்து ஒரு விளையாட்டு செய்யுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் பரமபதம்தான் வரும். கட்டத்துக்கு ஒரு கேள்வி, தப்பாகச் சொன்னால் பாம்பு. அது கலர் அடித்த பயிற்சித்தாள், அவ்வளவுதான். பின்னமே தெரியாத பிள்ளை பகடையின் தயவில் ஜெயித்துவிடும். அதனால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கணக்குப் போடாமல் ஆட முடியக்கூடாது.

வெறுங்கையோடு தொடங்கச் சொல்ல வேண்டாம். நான் அரைகுறையாக ஒரு விளையாட்டைக் கொடுத்து, மாற்றச் சொல்வேன். பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரியின் (படகின்) தளம் ஒரு மணிலா அட்டை. 1/2, 1/4, 1/8, 3/8 என்று எழுதிய சீட்டுகள்தான் வண்டிகள். ஆளுக்கு மூன்று சீட்டு. முறை வரும்போது ஒன்றை ஏற்றலாம், இல்லையென்றால் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். தளத்தைச் சரியாக 1 ஆக்குபவருக்குப் புள்ளி, மிஞ்சவிட்டால் புள்ளி போகும். 3/8, 1/4 இரண்டும் ஏறிவிட்டன, கையில் 1/2 இருக்கிறது. ஏற்றலாமா? பகுதி எண்களைச் சமப்படுத்தினால்தான் 9/8 ஆகிவிடும் என்று தெரியும்.

அப்புறம் நாலு நாலு பேராகப் பிரித்து விட்டுவிடுங்கள். "டீச்சர், இப்போ ஃபெரியில கார் ஏத்த மாட்டாங்களே" என்று ஒரு குழு எல்லாவற்றையும் மோட்டார் சைக்கிளாக்கியது. நியாயம்தான். இன்னொரு குழு 1/3 சீட்டைச் சேர்த்தது. அது ஒன்று ஏறினால் ஃபெரி நிரம்பவே இல்லை! நான் வாயைத் திறக்கவில்லை. எட்டிலொன்றுகளை எப்படிக் கூட்டினாலும் மீதி 2/3 வராது என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்து, 1/6 சீட்டுகளைச் சேர்த்தார்கள். 1/3, 1/6, 1/2 ஏறியதும் ஃபெரி புறப்பட்டது. இந்தச் சண்டைக்கு நேரம் ஒதுக்குங்கள். அலங்காரத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அடுத்த வகுப்பில் விதிகளை எழுதவைத்து, வேறு குழுவிடம் கொடுத்து ஆடவிடுங்கள். செய்தவர்கள் பக்கத்தில் நிற்கலாம், பேசக்கூடாது. யார் முதலில் ஆடுவது என்றே எழுதியிருக்க மாட்டார்கள். தமிழ் டீச்சருக்கும் இதில் வேலை உண்டு.

கணினியில் விளையாட்டு செய்ய உதவும் ஸ்க்ராட்ச் மென்பொருள் இலவசம்தான், ஆனாலும் அட்டையில் ஆட்டம் ஓடிய பிறகே கணினி அறைக்குப் போங்கள். வகுப்புசார் மதிப்பீட்டுக்கு நான் பார்ப்பது, எந்த விதியை ஏன் மாற்றினோம் என்று அவர்கள் எழுதிவைத்த பக்கத்தை.