வீட்டுக் கம்ப்யூட்டர்: முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டியவை

"டவுன்லோட் செய்தேன், ஃபைலைக் காணோம்." வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்பது இதைத்தான். வில்லங்கச் சான்றுக்குப் பணம் கட்டியாயிற்று, திரையில் பார்த்தாயிற்று, இறக்கியும் ஆயிற்று. அது எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்பது மட்டும் தெரியவில்லை. மறுபடியும் இறக்குகிறார்கள். ஒரே ஃபைல் நான்கு முறை சேர்ந்துவிடுகிறது.

வேகம், வைரஸ், ராம் பற்றியெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். என் ஃபைல் எங்கே இருக்கிறது, அதன் இன்னொரு நகல் எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் கம்ப்யூட்டர் மீதுள்ள பயத்தில் பெரும்பகுதி போய்விடும். விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஃபைலுக்கு ஓர் இடம்

கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்திக்கொண்டு 'இ' விசையைத் தட்டுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். இடது பக்கப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்', 'டாகுமென்ட்ஸ்' என இரண்டு பெயர்கள் தெரியும். இணையத்திலிருந்து இறக்குபவை பெரும்பாலும் டவுன்லோட்ஸில்தான் வந்து விழும். அங்கே வந்ததை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது.

இப்போது டாகுமென்ட்ஸைத் திறந்து, காலியான இடத்தில் வலது கிளிக் செய்யுங்கள். 'நியூ', பிறகு 'ஃபோல்டர்'. பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்: வீட்டுப் பத்திரம், மின்கட்டணம், படிப்பு, மருத்துவம். நான்கைந்து ஃபோல்டர்கள் போதும். இருபது ஃபோல்டர் போட்டால் எதை எங்கே வைத்தோம் என்ற பழைய குழப்பமே திரும்பி வரும்.

அடுத்து, இறக்கிய ஃபைலின் பெயரை மாற்றுங்கள். அரசு இணையதளங்களிலிருந்து வருபவை பல நேரங்களில் எண்ணும் எழுத்துமாக நீண்ட பெயரோடு வரும். ஆறு மாதம் கழித்து அது பட்டாவா, ரேஷன் கார்டா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். ஃபைல் மீது ஒரு முறை கிளிக் செய்து 'எஃப் 2' விசையை அழுத்தினால் பெயரை மாற்றலாம். சில லேப்டாப்களில் 'எஃப்என்' விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். 'மின்கட்டணம் 2025-11' என்று ஆண்டை முதலில் எழுதுங்கள். பட்டியல் தானாகவே கால வரிசையில் நிற்கும். தேதிக்கு நடுவே சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது, சிறு கோடுதான் போட வேண்டும். விண்ணப்பத்தோடு இணையதளத்தில் ஏற்ற வேண்டிய ஃபைல் என்றால், இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயரே தொந்தரவு தராது.

பெயர் மாற்றியதும் அதை உரிய ஃபோல்டருக்குக் கொண்டுபோங்கள். ஃபைல் மீது வலது கிளிக் செய்தால் வரும் மெனுவில், மேல் வரியிலேயே கத்தரிக்கோல் படம் ஒன்று இருக்கும். பலர் கீழே தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதை அழுத்தி, உங்கள் ஃபோல்டரைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு 'வி' அழுத்துங்கள். ஃபைல் இடம் மாறிவிட்டது.

இறக்கியது இன்னும் கண்ணில் படவில்லையா? குரோம், எட்ஜ் ஆகிய இரண்டு பிரவுசர்களிலும் (இணையத்தைப் பார்க்க உதவும் செயலிகள்) கன்ட்ரோலோடு 'ஜே' அழுத்தினால் இதுவரை இறக்கியவற்றின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள ஃபோல்டர் படத்தை அழுத்தினால் ஃபைல் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும்.

படி 2: தவறானால் திருப்புவது

மவுஸ் கை நழுவி ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பதறி அங்குமிங்கும் கிளிக் செய்யாதீர்கள். கன்ட்ரோலோடு 'இசட்' அழுத்துங்கள். கடைசியாகச் செய்தது திரும்பிவிடும். எழுதும்போது மட்டும்தான் இது உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபைலை நகர்த்தியதையும் பெயர் மாற்றியதையும் அழித்ததையும்கூட இது திருப்பித் தரும். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரே ஒரு குறுக்குவழிதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் உடனே அழுத்த வேண்டும், மறுநாள் அல்ல.

அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். திறந்து, வலது கிளிக் செய்து, 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே போய்விடும். இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஷிஃப்ட் விசையோடு டெலீட் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பென் டிரைவிலிருந்து அழித்ததும் பொதுவாக அங்கே போகாது. கல்யாண ஃபோட்டோக்கள் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான்.

படி 3: இன்னொரு நகல்

இதை நிதானமாகப் படியுங்கள். இடம் போதவில்லை என்று ஃபோட்டோக்களைப் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட்டு, 'பேக்அப் எடுத்துவிட்டேன்' என்கிறார்கள். அது பேக்அப் அல்ல. அப்போதும் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதிதான், அதுவும் எளிதில் தொலையக்கூடிய பொருளில்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. துறையில் இருப்பவர்கள் பின்பற்றும் கணக்கு இது. வீட்டில் இதைச் செய்வது கடினமல்ல: முதல் பிரதி கம்ப்யூட்டரில், இரண்டாவது எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது கூகுள் டிரைவில், அதாவது கூகுள் இணையத்தில் தரும் சேமிப்பிடத்தில். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இடம் இலவசம். மெயிலும் ஃபோட்டோக்களும் அதே 15 ஜிபியைத்தான் பகிர்ந்துகொள்ளும். எல்லா வீடியோவையும் ஏற்றப் பார்க்காதீர்கள். சான்றிதழ்கள், பத்திரங்கள், தாத்தா பாட்டியின் பழைய படங்கள் என்று மீண்டும் கிடைக்காதவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

வீட்டுக்கு வெளியே எதற்கு என்று கேட்பவர்கள் 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் புகுந்த தரைத்தள வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் நனையும்.

ஓர் எச்சரிக்கை. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பிடங்கள் ஃபோல்டரைத் தானாக ஒத்திசைக்கும்போது, கம்ப்யூட்டரில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். அங்குள்ள குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை தேடி எடுக்கலாம், அதற்குப் பிறகு கிடைக்காது. அதனால்தான் ஹார்டு டிஸ்க் பிரதியும் வேண்டும் என்கிறேன்.

படி 4: தமிழில் தட்டச்சு

இதற்குத் தனியாக எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் விசையோடு 'ஐ' அழுத்தி செட்டிங்ஸைத் திறங்கள். 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்', பிறகு 'ஆட் எ லாங்குவேஜ்' அழுத்தித் தமிழைச் சேருங்கள். பட்டியலில் தமிழுக்கு நேரே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' போனால், அங்கே 'தமிழ் 99' விசைப்பலகையைச் சேர்க்கலாம். இனி விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறை முதல் நாளில் எளிதாக இருக்கும். ஆனாலும் தமிழ் 99தான் என் பரிந்துரை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நோட்பேடைத் திறந்து 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள்: ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, க்யூ. நான்கே தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்கிறது. 'ந்த', 'ங்க', 'ம்ப' போன்ற இணைகளுக்கும் அப்படியே. மற்ற இடங்களில் புள்ளி வேண்டுமானால் 'எஃப்'. தினமும் கொஞ்ச நேரம் பழகினால் விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்துவிடும்.

படி 5: அணைப்பதும் புதுப்பிப்பதும்

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால் முதலில் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் போடுவது அதற்கு ஈடாகாது. வேகமாகத் தொடங்குவதற்காக விண்டோஸ், அணையும்போது தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அப்டேட் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். டெஸ்க்டாப் என்றால் ஒரு யுபிஎஸ் அவசியம். மின்சாரம் போனதும் ஃபைலைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைத்தால் போதும்.

படி 6: மிரட்டும் திரை

இணையத்தில் உலவும்போது திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்று அலாரச் சத்தத்தோடு வரும். அது பொய். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதில்லை. ஆல்ட் விசையோடு 'எஃப் 4' அழுத்தி மூடுங்கள். மூடவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

அந்த எண்ணை யாராவது வீட்டில் ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவிவிட்டால், திட்டுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முதலில் வைஃபையை அணையுங்கள். வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குத் தகவல் சொல்லி, பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, போன பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. நிறுவிய செயலியை நீக்கிய பிறகே அந்தக் கம்ப்யூட்டரை மீண்டும் இணையத்தில் இணையுங்கள்.