புத்தகம் மாறினால் மட்டும் போதாது: கணக்கு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் ஏதாவது ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு ஜூன் மாதம் போய்ப் பாருங்கள். கண்டனூர், பள்ளத்தூர், சாக்கோட்டை என்று சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் படித்தது ஒரே பாடநூலைத்தான். ஆனால் 305-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால், 127 என்று எழுதுபவர்களுக்கு நடுவே சிலர் 273 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவால் வருவது இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கழித்தலுக்கு அதுதான் விதி என்று அந்தப் பிள்ளை நம்புகிறது.

ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்பக் கணக்கு சொல்லித்தர வேண்டுமென்றால், வேலையை இந்த 273-இலிருந்து தொடங்க வேண்டும். நாமோ பெரும்பாலும் புத்தகம் வந்து சேர்ந்ததும், பயிற்சி நாள் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். முதல் தவறு அதுதான்.

அடுத்தது, தன் வகுப்புப் புத்தகத்தை மட்டும் படிப்பது. 2018-இல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு முதலில் வந்தன. அந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை பழைய புத்தகத்தில் படித்தவர்கள். இடையில் இருந்த பள்ளத்தை ஆசிரியர்தான் நிரப்ப வேண்டியிருந்தது. புத்தகம் மாறும் ஒவ்வொரு முறையும் இதே பள்ளம் வரும்.

மாறாத ஆண்டிலும் பள்ளம் உண்டு. அந்த ஆறாம் வகுப்பு நூலில் விகிதம் முதல் பருவத்தில் இருக்கிறது, பின்னங்கள் மூன்றாம் பருவத்தில் வருகின்றன. பின்னம் தெரியாத பிள்ளைக்கு விகிதத்தைச் சுருக்குவது எப்படிப் புரியும்? "பின்னம்தான் மூணாம் பருவத்துல வருதே" என்று விட்டுவிட்டால் முதல் பருவமே வீணாகிவிடும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் ஆறாம் வகுப்பு ஆசிரியரும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாங்கி, ஒரு மதியம் உட்கார்ந்து புரட்டினாலே இது கண்ணில் பட்டுவிடும்.

பின்னத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சறுக்குவது அங்கேதான். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இரண்டு, கீழே ஐந்து என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். உடனே மீச்சிறு பொது மடங்கைப் பலகையில் போட்டுத் திருத்திவிடாதீர்கள். "ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா, சின்னதா?" என்று கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது எப்படி அரையைவிடக் குறைந்தது? அந்தக் குழப்பத்தில் பிள்ளை கொஞ்ச நேரம் நிற்கட்டும். விதியை அப்புறம் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் கணக்குப்பிள்ளைகள் புழங்கிய வீசம் (பதினாறில் ஒன்று), அரைக்கால் (எட்டில் ஒன்று), கால், அரை என்ற வரிசை இன்றும் சில தாத்தாக்களுக்குத் தெரியும். இரண்டு வீசம் ஓர் அரைக்கால், இரண்டு அரைக்கால் ஒரு கால். சம பின்னம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

ஊர்ப் பொருளை அலங்காரத்துக்குக் காட்டுவது இன்னொரு தவறு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லை வகுப்புக்குக் கொண்டுவந்து, "பாருங்கள், இதிலும் கணிதம் இருக்கிறது" என்று காட்டிவிட்டுப் பலகைக்குத் திரும்பினால் என்ன பயன்? பன்னிரண்டடிக்குப் பத்தடி அறைக்கு எட்டு அங்குலச் சதுரக் கல் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். அவசரப்பட்ட பிள்ளை 120 என்று சொல்லும். நீளவாக்கில் 18, அகலவாக்கில் 15, மொத்தம் 270 என்று அடுக்கிப் பார்த்தபின்தான் பரப்பளவில் அலகு என்பது என்ன என்று புரியும். நான்கு கல் சேர்ந்தால்தான் முழுப் பூ வரும் வடிவங்களும் உண்டு. இரு பாதியும் ஒன்றுபோல் இருக்கும்படி பிரிக்கும் கண்ணாடிக் கோடு எங்கே விழுகிறது, கல்லை எவ்வளவு திருப்பி வைத்தால் பூ முழுமையாகும் என்று பிள்ளைகளே வைத்துப் பார்க்கட்டும்.

வினாத்தாள் பழையதாக இருந்தால் இவ்வளவும் வீண். பிள்ளைகள் கேள்வித்தாளைப் பார்த்துத்தான் எதைப் படிப்பது என்று முடிவு செய்கிறார்கள், ஆசிரியர்களும் அப்படித்தான். கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும் தகவல் செயலாக்கம் என்ற பாடம், போர்ஷன் முடிக்கும் அவசரத்தில் எளிதாக விடுபட்டுப் போகிறது. பாடம் முடிந்ததும் பிள்ளைக்கு வர வேண்டிய திறன், அதாவது கற்றல் விளைவு, "காரணம் கூறுதல்" என்று இருக்கும்போது, தாளில் ஒரு கேள்வியாவது காரணம் கேட்க வேண்டும்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரச் செய்யும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அப்புறம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்காக. அதைப் பட்டப்பெயர் ஆக்கிவிடக் கூடாது. "அவன் அரும்புதான்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதைக் கேட்டால் மனம் பதறுகிறது. ஐந்தாம் வகுப்போடு அந்த விவரம் நின்றுவிடாமல், பிள்ளை சேரும் பள்ளியின் கணக்கு ஆசிரியர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. மாவட்டம் தாண்டிச் சேரும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அடுத்த முறை படக்காட்சியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் வகுப்பிலிருந்து ஐந்து நோட்டுகள் கொண்டுவாருங்கள், தப்பான விடைகள் இருக்கும் நோட்டுகளாக. ஒரே கழித்தலை ஒருவர் "கடன் வாங்கு" என்றும், இன்னொருவர் "பத்தைப் பிரி" என்றும் சொல்லித் தந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். எந்தச் சொல்லை எல்லாரும் வைத்துக்கொள்வது என்று அங்கேயே பேசி முடித்து, தொடக்கப் பள்ளிகளுக்கும் ஒரு தாளில் எழுதி அனுப்பிவிடுங்கள்.