கார் முன்கண்ணாடியில் வெள்ளைக் கறையும் வைப்பர் கோடும்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டதும் முன்கண்ணாடி வெளிறிப்போய்ச் சாலை தெரியவில்லையா? உடனே பாலிஷ் போடக் கிளம்பிவிடாதீர்கள். கீறல் என்று நினைப்பது பல நேரம் வெறும் உப்புக் கறையாகத்தான் இருக்கும். பாலிஷ் என்பது கண்ணாடியையே கொஞ்சம் தேய்த்து எடுக்கிற வேலை. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்ன அடையாளம் என்று பாருங்கள்

வண்டியை நிழலில் நிறுத்தி, ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

வட்ட வட்டமாக, ஓரம் தடித்த வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது போர் தண்ணீர் காய்ந்த கறை. வைப்பர் போகும் பாதையிலேயே வில் போல வளைந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால், ரப்பரில் சிக்கிய மணல் இழுத்த கீறல். ஊசி குத்தியதுபோல் நூற்றுக்கணக்கான பொடிப் புள்ளிகள் மின்னினால், நெடுஞ்சாலையில் மணலும் பொடிக்கல்லும் அடித்த குழிகள். இந்தக் குழிகளுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ராத்திரி ஓட்டவே சிரமம் என்றால் கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான்.

இன்னும் சந்தேகமா? ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியை மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த இடம்கூடப் பைக்குள்ளிருந்து தடவும்போது சொரசொரக்கும். சொரசொரத்தால் மேலே ஏதோ ஒட்டியிருக்கிறது, அதாவது கறை. அடுத்து, கோட்டுக்குக் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் மாட்டினால் கீறல் ஆழமானது. அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் அங்கே பள்ளம் விழுந்து, சாலை நெளிந்து தெரியும். ஓட்டுநர் பார்வைக்கு நேராக அப்படி ஆவது கீறலைவிட ஆபத்து.

கறை என்றால்: வினிகர்

வெள்ளை வினிகரும் கேன் தண்ணீரும் சரிபாதி கலந்து, டிஷ்யூ பேப்பரை நனைத்துக் கறைமேல் ஒட்டுங்கள். 10 நிமிடம் காயாமல் அவ்வப்போது தெளித்துக்கொண்டே இருங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பானெட் பெயின்ட்டில் வழியாமல் கீழே ஈரத் துணி விரித்துவையுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரலாம்.

பாத்ரூம் ஆசிட் ஊற்றச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். கறை போகும்தான், கூடவே பெயின்ட்டும் குரோம் பட்டையும் போகும். ஃபுளோரைடு கலந்த வீல் கிளீனர் அதைவிட மோசம், கண்ணாடியையே அரித்துவிடும். பற்பசையும் கீறலுக்கு உதவாது. பல பற்பசைகளில் தேய்ப்பதற்கு இருப்பது கால்சியம் கார்பனேட். அது கண்ணாடியைவிட மென்மையானது.

நகம் மாட்டாத வைப்பர் கோடு, வினிகருக்குப் போகாத மங்கல் என்றால்: சீரியம் ஆக்சைடு

வாங்க வேண்டியவை: கண்ணாடி பாலிஷ் செய்யும் சீரியம் ஆக்சைடு தூள் 100 கிராம், 3 அங்குல ஃபெல்ட் பேட் (கம்பளிபோல் அழுத்திச் செய்த வட்டத் தேய்ப்பான்), அதை டிரில்லில் மாட்டும் அடித்தட்டு, வேகம் மாற்றக்கூடிய டிரில் மெஷின், ஸ்பிரே பாட்டில், மாஸ்கிங் டேப், பாலித்தீன் ஷீட், முகக்கவசம். கார் பெயின்ட்டுக்குப் போடும் காம்பவுண்ட் இதற்கு வேலை செய்யாது.

1. கோடு இருக்கும் இடத்தை உள்பக்கமாக மார்க்கரால் வட்டமிடுங்கள். கலவை பூசிய பிறகு வெளியிலிருந்து கோடு தெரியாது.

2. பானெட், ரப்பர் ஓரம், வைப்பர் எல்லாவற்றையும் ஷீட்டால் மூடி டேப் ஒட்டுங்கள். இந்தக் கலவை ரப்பரில் காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

3. இரண்டு மேஜைக்கரண்டி தூளில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கலக்குங்கள். தூள் அடியில் தங்கிவிடும், தொடும்போதெல்லாம் கிளறிக்கொள்ளுங்கள்.

4. பேடை நனைத்து, கலவையைத் தொட்டு, கண்ணாடியில் வைத்த பிறகே மெஷினை ஓடவிடுங்கள். வேகம் 1,200 ஆர்.பி.எம்-ஐ (நிமிடத்துக்கு 1,200 சுற்று) தாண்ட வேண்டாம். கோட்டை மட்டும் குறிவைக்காமல் அதைச் சுற்றி ஓரடிக்காவது பரவலாக, முதலில் கிடையாகவும் பிறகு நெடுக்காகவும் நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தவே கூடாது.

5. நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் தானாக ஆறவிடுங்கள். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. ஒரு இடம் மட்டும் சூடேறி மற்ற இடம் குளிர்ந்திருந்தால் விரிசல் ஓடிவிடும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது அதனால்தான் கூடாது.

6. கலவை காயத் தொடங்கினால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டுப் பாருங்கள். லேசான மங்கல் 15–20 நிமிடத்தில் தெளியும். அரை மணி நேரத்திலும் கோடு மாறாமல் நின்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

கேமராவோ மழை சென்சாரோ இருக்கும் வண்டியில் ரியர்வியூ மிரருக்குப் பின்னால் உள்ள பகுதியைத் தொட வேண்டாம். கல் பட்டுத் தெறித்த இடத்திலும் பாலிஷ் போடக் கூடாது. அங்கே டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டி, ஈரமும் அழுக்கும் போகாமல் பார்த்துக்கொண்டு, ரெசின் நிரப்பும் கடைக்குச் சீக்கிரம் எடுத்துப்போங்கள்.

கறையும் கோடும் திரும்ப வராமலிருக்க

பழைய வைப்பரை அப்படியே விட்டால் இத்தனை வேலையும் வீண். ரப்பர் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். விறைத்தோ பிசிறாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். பிளேடைக் கழற்றும் முன் கண்ணாடிமேல் ஒரு டவலை நாலாக மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் திரும்பி அடித்தால் ஒரே அடியில் கண்ணாடி உடையும்.

வாஷர் டேங்கில் போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான், கறை இன்னும் தடிப்பாகப் படியும். போர் தண்ணீரில்தான் கழுவியாக வேண்டும் என்றால் வெயிலுக்கு முன் கழுவி, முதலில் முன்கண்ணாடியைத் துடைத்து உலர்த்திவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். தூசி படிந்த கண்ணாடியில் தண்ணீர் அடிக்காமல் வைப்பரைப் போடாதீர்கள்.